மாப்பிள்ளையின் கோப்பு

எங்கள் முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். நேரில் சார். அந்தப் பக்கம் திரும்பியதும் மாப்பிள்ளை. வாசல் காவலாளி முதல் கடைசல் மெஷின்காரர் வரை இதில் கருத்து வேறுபாடே கிடையாது. முதலாளி ஒருவர்தான் முகத்துக்கு நேராகவே "மாப்ள" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை இருப்பதாக மாப்பிள்ளை நம்பினார்.

நாங்கள் செய்வது முதுகெலும்புக்குள் வைக்கிற திருகுகளும் கம்பிகளும். விழுந்து எலும்பு நொறுங்கியவர்கள், முதுகு வளைந்து போனவர்கள், முள்ளெலும்பு இடம்விட்டு நகர்ந்தவர்கள், இவர்களுக்கு டாக்டர் முதுகைத் திறந்து எலும்புக்கு இரண்டு திருகாக இறக்குவார். திருகுகளின் தலையில் கம்பியை உட்காரவைத்து முடுக்கிவிடுவார். எலும்புகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும்வரை பாரம் முழுக்க அந்தக் கம்பியும் திருகும்தான் தாங்கும். தைத்து மூடிய பிறகு அதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் விற்பதற்கு முன்பே அரசாங்கத்தின் அனுமதி அலுவலகம் பார்க்கும். பார்க்கும் என்றால் திருகை இல்லை, திருகைப் பற்றி எழுதிய கோப்பை. அந்தக் கோப்பை எழுதுவது மாப்பிள்ளையின் வேலை. அதற்குள் போகிற சோதனை முடிவுகளைத் தருவது என் வேலை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். "படுத்துப் பாருங்க, முதுகு தானா நேராகும்" என்று நாள் முழுக்க சொல்லிக்கொண்டிருந்தவர். முதுகைப் பற்றிய அவருடைய படிப்பு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. அந்தக் கடையில் ஒரே நுரையை இரண்டு உறையில் போட்டு, ஒன்று சாதாரண மெத்தை, இன்னொன்று வலிக்கான மெத்தை என்று விற்பார்களாம். இதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றாக இருப்பதை வேறு என்று சொல்லி விற்றவர், பிற்காலத்தில் வேறாக இருப்பதை ஒன்று என்று சொல்லி அனுமதி வாங்கக் கிளம்பினார். பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது.

முதலாளியின் தங்கை தன் அம்மாவுக்கு மெத்தை வாங்க அந்தக் கடைக்குப் போனவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாயைத் திறந்தால் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல் வராது. அவர் எப்படி இந்த மனிதரிடம் விழுந்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். குரல் என்ற ஒரு காரணம்தான் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் குரல் நன்றாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு பெரிய டாக்டர் பேசுகிறார் என்று நினைக்கத் தோன்றும். கண்ணைத் திறந்தால் எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையும், சட்டைப் பையில் மூன்று பேனாவும் தெரியும்.

கடை மூடியதும் ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். பிறகு முதலாளி அவரைக் கொண்டுவந்து கொள்முதல் பிரிவில் உட்காரவைத்தார். அளவு தப்பாகத் துளைக்கருவிகள் வாங்கிப் போட்டார். அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குத் திருகுகளை மட்டும் அனுப்பிவிட்டு, அவற்றை முடுக்குகிற கருவியை இன்னொரு ஊருக்கு அனுப்பினார். அறுவை அறையிலிருந்து டாக்டர் ஃபோனில் பேசியது முதலாளிக்கு இன்றைக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் கோப்பு அறையில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றார். தாள்களை வைத்துக்கொண்டு என்ன கெடுத்துவிடப் போகிறார் என்று முதலாளி கணக்குப் போட்டார். அவர் போட்ட மோசமான கணக்கு அதுதான்.

அனுமதி விஷயத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. சட்டத்திலேயே இருக்கிற வழிதான். புதிதாக ஒன்றைச் செய்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டாம். ஏற்கெனவே அனுமதி பெற்று நல்லபடியாகப் புழங்குகிற ஒன்றைக் காட்டி, எங்களுடையதும் இதைப் போன்றதுதான், உலோகத்திலும் வேலையிலும் பலத்திலும் இதற்குக் குறைந்ததில்லை என்று காட்டினால் போதும். நேர்மையாக நடப்பவர்களுக்கு நல்ல வழி. மாப்பிள்ளைக்கு அது சொர்க்கவாசல் மாதிரி தெரிந்தது. சந்தேகமான இடத்தில் எல்லாம் "ஒப்பிடத்தக்கது" என்று ஒரு சொல் போடக் கற்றுக்கொண்டார். பழைய திருகு நீளம், புதிய திருகு குட்டை: ஒப்பிடத்தக்கது. பழையது வழுவழுப்பு, புதியது சொரசொரப்பு: ஒப்பிடத்தக்கது. அவர் எழுதிய முதல் கோப்பு ஒரே வாசிப்பில் அனுமதி பெற்றது. பெட்டியின் நிறத்தைத் தவிர அந்தத் திருகில் எதுவுமே மாறவில்லை என்பதுதான் காரணம். ஆனால் அவர் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். "மொழி கையில இருந்தா போதும்மா, மெஷின் எல்லாம் அப்புறம்" என்று என்னிடம் சொன்னார். பதினெட்டு வருடமாக மெஷினோடு இருப்பவளிடம் சொன்னார். நானும் இனிப்பை வாங்கிச் சாப்பிட்டேன்.

முதுகெலும்பை வைத்து அவரைப் பற்றி ஒரு கேலி கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன கேலி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவ்வளவு மலிவான ஒன்றை நான் எழுதப்போவதில்லை.

அப்புறம் அந்தப் புதுத் திருகு வந்தது. எங்களிடம் வாங்குகிற பெரிய டாக்டர் ஒருவர், திருகின் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் கம்பியை உட்காரவைப்பது சுலபம் என்று கேட்டார். தலை அதிகமாகச் சாய வேண்டுமானால் கழுத்து ஒல்லியாக வேண்டும். வரைபடத்தில் கழுத்தை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சிறுத்தார்கள். அரை மில்லி என்றால் நகத்தின் தடிமன். கழுத்து என்பதோ திருகு முறிந்தால் முறிகிற இடம்.

சோதனை இப்படி நடக்கும். இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள், இரண்டு முள்ளெலும்புகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மூன்று விரல் இடைவெளி. அங்கே இருந்த எலும்பு நொறுங்கி இல்லாமலே போய்விட்டது என்று அர்த்தம். கட்டைக்கு இரண்டாக நான்கு திருகு, அவற்றை இணைக்க இரண்டு கம்பி. இது ஒரு சாம்பிள். மெஷின் அதை மேலிருந்து அழுத்தும், விடும், அழுத்தும், விடும். ஒரு நொடிக்கு ஐந்து முறை. ஐம்பது லட்சம் முறை தாங்க வேண்டும். நிறுத்தாமல் ஓடினால் பதினோரு நாள், பன்னிரண்டு நாள் ஆகும். மொத்தம் ஆறு சாம்பிள். ஒவ்வொரு திருகின் தலையிலும் சாம்பிள் எண்ணை லேசரால் பொறித்திருப்போம்.

ஒன்று, இரண்டு, மூன்று தாங்கின. நான்காவது ஐந்தாம் நாள் காலையில் நின்றிருந்தது. நான் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. ஓடுகிற மெஷினுக்கு ஒரு சத்தம் உண்டு, அது இல்லை. எண்காட்டியில் பதினெட்டு லட்சத்துச் சொச்சம். கீழ்க்கட்டையின் இடது திருகு கழுத்தில் முறிந்து, தலை தனியாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய திருகு இதே பாரத்தில் ஐம்பது லட்சத்தையும் தாண்டியது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சோதனைக்கூடத்துக்குள் வருவார். எண்ணெய் வாசம் ஆகாது.

"என்னம்மா இது?"

"உடைஞ்சிருக்கு சார். கழுத்துல."

"மாட்டும்போது கோணலா மாட்டியிருப்பீங்க."

"மத்த மூணையும் மாட்டின மாதிரிதான் இதையும் மாட்டினேன்."

"அப்போ மெஷின்ல ஏதாவது."

"மெஷினைப் போன மாசம்தான் சரிபார்த்தோம் சார். சான்றிதழ் உங்க கோப்புலயே இருக்கு."

அவர் தொங்குகிற தலையைப் பேனா நுனியால் ஆட்டிப் பார்த்தார். ஊஞ்சல் மாதிரி ஆடியது. "ஆறுல மூணு தாங்கிடுச்சு. இது ஏதோ ஒண்ணு. ஏழாவதா ஒண்ணு போட்டுக்குங்க. இதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"உடைஞ்சதையும் எழுதணும் சார்."

"எழுதலாம்மா. ஆனா எதுக்கு எழுதணும்? படிக்கிறவங்களைக் குழப்பவா?"

சரி என்றேன். தூக்கிப் போடவில்லை. எண் எழுதிய உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். அதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சோதனைக்கூடத்தில் எதையும் தூக்கிப் போடாத பழக்கம், அவ்வளவுதான். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் தாங்கின. அறிக்கையில் ஆறு சாம்பிள், ஆறும் தேறின என்று அவர் அச்சடித்துக் கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். தலை சாய்ந்த கையெழுத்து, இன்றைக்குப் பார்த்தாலும் என்னுடையது என்று தெரியும். அவரை எவ்வளவு கேவலமாக எழுதினாலும் இந்த வரியை விட்டுவிட்டு எழுத எனக்கு உரிமை இல்லை.

கோப்பு ஆயிரத்துச் சொச்சம் பக்கம் வந்தது. நீல அட்டை போட்டு, பிரிவுக்கு ஒரு வண்ணத் தாள் செருகி, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் முதலாளி மேசையில் வைத்தார். முதலாளி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் மாப்ள" என்றார். முதலாளி கெட்டவர் இல்லை. எதையும் கேட்காதவர். ஒரு கம்பெனியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து அனுமதி அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. பதினொரு கேள்வி. பத்துக்கு மாப்பிள்ளை பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஏழாவது கேள்வி ஒரே வரி. "சாம்பிள் எண்கள் 1, 2, 3, 5, 6, 7 என உள்ளன. எண் 4 என்ன ஆயிற்று?"

அவர் அதற்கு "அச்சுப்பிழை" என்று எழுதி அனுப்பினார். ஆயிரம் பக்கத்தில் எண்களை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மொழி கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எண் கண்ணில் படாது. கணக்கு டீச்சரோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவர் செய்த காரியம் இது.

பதில் பத்தே நாளில் வந்தது. அச்சுப்பிழை என்றால் நான்காம் எண் பொறித்த சாம்பிளை நேரில் கொண்டுவந்து காட்டவும், சோதனை செய்தவரையும் அழைத்துவரவும்.

அன்று மத்தியானம் அவர் கைக்குட்டை இல்லாமலே சோதனைக்கூடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, உடையாத திருகு ஒரு செட் எடுத்து நாலுன்னு பொறிச்சுக் குடுத்துடுங்களேன்."

"முடியாது சார்."

"என்ன முடியாது? நாலுன்னு ஒரு எழுத்து. ரெண்டு கோடு."

"நீங்களே பொறிங்க சார். மெஷின் அங்கதான் இருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு லேசர் மெஷின்காரரிடம் போய், கண்காட்சிக்கு வேண்டும் என்று சொல்லிப் பொறித்து வாங்கிக்கொண்டார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புத்தம்புதுத் திருகுகள். அவற்றைக் கட்டையில் மாட்டி, வெல்வெட் துணி போட்ட ஒரு பெட்டியில் வைத்தார். நகைப்பெட்டி. மனைவியுடையதாக இருக்கும்.

அனுமதி அலுவலகம் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. தாழ்வாரம் முழுக்கக் கோப்பு அடுக்குகள். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி அம்மாவுக்கு ஓய்வு பெறுகிற வயது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசை மேல் எங்கள் கோப்பு திறந்து கிடந்தது. ஓரங்களில் எல்லாம் பென்சிலில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். அந்தக் கோப்பை முழுதாகப் படித்த ஒரே மனிதப்பிறவி அவர்தான் என்று நினைக்கிறேன். எழுதியவரைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை மெத்தைக்கடைக் குரலை எடுத்தார். எங்கள் கம்பெனியின் பாரம்பரியம், நோயாளிகள் மீது எங்களுக்கு இருக்கும் அக்கறை, இப்படி ஐந்து நிமிடம். முடிந்ததும் அந்த அம்மா, "சாம்பிளைக் காட்டுங்க" என்றார்.

நகைப்பெட்டி திறந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசை விளக்கை இழுத்து, கம்பியைக் கழற்றிப் பார்த்தார். அப்புறம் கோப்பில் மற்ற ஆறு சாம்பிள்களின் புகைப்படம் இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

"இது எத்தனை முறை ஓடிச்சு?"

"ஐம்பது லட்சம் மேடம். முழுசா."

"மத்த ஆறுலயும் கம்பி உட்கார்ற இடத்துல உரசி உரசிக் கறுப்பா இருக்கு. இதுல ஒரு கோடு கூட இல்லையே."

"நல்லா சுத்தம் பண்ணிக் கொண்டுவந்தோம் மேடம்."

"தேஞ்ச உலோகத்தைச் சுத்தம் பண்ணினா திரும்ப வளருமா?"

மாப்பிள்ளை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சோதனை பண்ணினது நீங்கதானே? நீங்க சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "இவங்க மெஷின் ஆபரேட்டர் மேடம். பட்டனை அழுத்துறதோட சரி. இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது. எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க."

எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. பொறியியல் படித்தவள். அந்தச் சோதனைக்கூடத்தை ஒரு காலி அறையிலிருந்து கட்டி எழுப்பியவள். மாதக்கணக்கில் என் மனசாட்சி செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்தது. நான் நல்லவள் என்பதால் உண்மையைச் சொன்னேன் என்று பிற்பாடு சிலர் பாராட்டினார்கள். இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த இளக்காரம் தொண்டைவரை வந்து நின்றது. அதுதான் பேசியது.

"நாலாம் நம்பர் உடைஞ்சிடுச்சு மேடம். பதினெட்டு லட்சத்துல, கழுத்துல. இது அது இல்ல. இது போன வாரம் பொறிச்சது. அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டது தப்பு."

மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்து போனதைப் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"உடைஞ்சது எங்க இருக்கு?"

"என் மேசையில மேடம். மெஷின் பதிவும் இருக்கு."

"நாளைக்குக் காலைல ரெண்டும் இங்க இருக்கணும்." பிறகு மாப்பிள்ளையிடம் நகைப்பெட்டியைத் தள்ளினார். "இதை எடுத்துக்கிட்டுப் போங்க. இது என் மேசையில இருந்தா நான் வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்."

திரும்பி வருகிற வழியில் காரில் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஊருக்குள் நுழையும்போது தொண்டையைச் செருமினார்.

"நீங்க சொன்னதும் நல்லதுதான். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். சரியான நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிக்கொண்டிருந்தது. கம்பெனி வாசலில் கார் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. முதலாளி அறைக்குள் எனக்கு முன்னால் போய், "மச்சான், உண்மையைச் சொல்லிட்டோம். மறைக்க எனக்கு மனசு வரல" என்றார். சொல்லும்போது கண்கூடக் கலங்கியிருந்தது.

முதலாளி அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரை நம்பியிருப்பீங்க சார்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கச்சி முகத்தைப் பாக்க வேண்டியிருக்குல்ல" என்றார். அந்த ஒல்லிக் கழுத்துத் திருகை முதுகுக்குள் வாங்கப்போகிறவர்களுக்கும் தங்கைகள் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் அது தோன்றியது.

என்னை வேலையை விட்டு நீக்குவார்கள் என்று நினைத்தேன். அனுமதி அலுவலகத்தின் கடிதம் என்னைக் காப்பாற்றியது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அந்த அம்மா, இனி இந்தக் கம்பெனியின் சோதனை அறிக்கைகள் சோதனைக்கூடத்திலிருந்து நேரடியாக, என் கையெழுத்தோடு, உடைந்தவை உட்பட எல்லா எண்களோடும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார். பாராட்டு என்று அதில் ஒரு சொல் இல்லை. நான் ஏற்கெனவே ஒருமுறை தவறாகக் கையெழுத்திட்டவள் என்பதையும் குறிப்பிட்டிருந்தார். நியாயம்தான்.

திருகின் கழுத்தைப் பழைய தடிமனுக்கே கொண்டுவந்தார்கள். தலை சாய்வது குறைந்தது. பெரிய டாக்டர் முகம் சுளித்தார், பிறகு வாங்கிக்கொண்டார். இரண்டு மெஷினில் ஐந்து வாரம் ஓட்டினேன். ஆறும் தாங்கின. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எழுதி அனுப்பினேன். அந்தக் கோப்பு நூற்றெண்பது பக்கம்தான் வந்தது. அடுத்த வருடம் அனுமதி கிடைத்தது.

இதற்குள் மாப்பிள்ளை வேறு மனிதராக ஆகியிருந்தார். எங்களைப்போன்ற சின்னக் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, நேர்மையும் நோயாளியின் பாதுகாப்பும். முதலாளி எங்கள் பிரிவு மொத்தத்தையும் கைதட்ட அனுப்பிவைத்தார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் என்னுடைய உடைந்த திருகின் படம் சுவர் உயரத்துக்கு வந்தது. "இதைக் கையில எடுத்தப்போ என் கை நடுங்கிச்சு" என்றார் மாப்பிள்ளை, அந்தக் குரலில். "லாபமா, உயிரான்னு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கல." எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை, பேனாவால்தான் ஆட்டினார் என்று அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவரை வீழ்த்தியது நானும் இல்லை, அந்த அதிகாரி அம்மாவும் இல்லை. முதலாளி மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்த மருமகன் மருத்துவக் கருவிகளின் அனுமதியையே பாடமாக எடுத்துப் படித்தவர். வந்த மூன்றாம் வாரம் கோப்பு அறைக்குப் போய்ப் பழைய கோப்புகளை எடுத்துப் படித்தார். ஒரு கோப்பில் மட்டும் "ஒப்பிடத்தக்கது" நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வருகிறது என்று கணினியில் எண்ணிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல எதை எதோட ஒப்பிட்டீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாராம். மாமா கோப்பை வாங்கி மூடி வைத்தாராம். அடுத்த மாதம் முதலாளி வாயிலிருந்து "மாப்ள" என்ற கூப்பாடு வந்தபோது இரண்டு பேர் எழுந்தார்கள். முதலாளி சின்னவரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். பெரியவர் மேசையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, மெல்ல உட்கார்ந்தார். பாவம் என்று சொல்ல வாய் வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

அவருடைய மேசையை முதலில் வரவேற்பறைக்குப் பக்கத்தில் போட்டார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். நான்கு மாதம் பார்த்துவிட்டுத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து, மற்ற கம்பெனிகளுக்குக் கோப்பு எழுதிக் கொடுக்கிறார். கூட்டம் இருக்கிறதாம். ஏன் இருக்காது?

சென்ற மாதம் அவருடைய மனைவி எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தார். கோப்பு அறையில் விட்டுப்போன அவருடைய சாமான்களை எடுத்துப்போக வந்தவர், மெஷின் ஓடுவதைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தேன். எண்காட்டி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொடிக்கு அஞ்சா?"

"ஆமா டீச்சர்."

"அப்போ ஐம்பது லட்சத்துக்குப் பதினொன்னரை நாள் வரும்." மனக்கணக்கு. எங்கள் கோப்பு அறையில் யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "அன்னைக்கு அந்த ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். நகைப்பெட்டியையும் சொன்னேன். பட்டன் அழுத்துகிறவள் என்று அவர் சொன்னதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டியை ஒரு வாரம் தேடினேன்" என்றார்.

"வீட்ல இதைப் பத்திச் சொல்லவே இல்லையா?"

"சொல்லாம என்ன? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றாரு. வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிடறாரு." ஸ்டூலிலிருந்து எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "அதுல நீங்க வர்றதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார், பள்ளிக்கூடத்தில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. வாசல்வரை கூடப் போனேன். பையிலிருந்த பேனா ஸ்டாண்டையும் முத்திரையையும் வெளியே எடுத்து, இவை கம்பெனிப் பொருளா என்று கேட்டார். முத்திரை கம்பெனியுடையது. அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.